தெரிஞ்சவன் எழுந்திரு என்று சொன்ன எங்கள் அண்ணன்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணன் மறைந்து ஓர் ஆண்டு ஆகிறது. நினைவுத் திருப்பலிக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க நாலு பக்கம் எழுதித் தரும்படி அண்ணி என்னிடம் கேட்டார்கள். "நல்லதா எழுது, உன் வாய வெச்சிகினு எதையாவது எழுதிடாத" என்றும் சொன்னார்கள். நல்லதாகத்தான் எழுதப்போகிறேன். ஆனால் அதில் நான் செய்த ஒரு தவறும் சேர்ந்து வரும். அதை மறைத்துவிட்டு எழுதினால் அண்ணன் என்ன செய்தார் என்பதே உங்களுக்கு விளங்காது. அண்ணி மன்னிக்க வேண்டும்.

அண்ணன் பிறந்தது இராயபுரத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த சந்தில். எங்கள் நைனா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். பிள்ளைகள் நாங்கள் இரண்டே பேர். அண்ணன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய கோடையில், நைனா கப்பல் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர் எழுந்து நடந்தாரே தவிர மூட்டை தூக்கவில்லை. அண்ணன் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தார். அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, துறைமுகத்தில் சரக்கு இறக்கும் ஒரு நிறுவனத்தில் போய் நின்றார். டாலி கிளார்க் வேலை கிடைத்தது.

டாலி கிளார்க் என்றால் கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணி எழுதுபவர். ஒரு மூட்டைக்கு ஒரு கோடு. நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தால் ஒரு கட்டு. இருபது ஆண்டுகளுக்கும் மேல் வெயிலில் நின்று அவர் போட்டது அந்தக் கோடுகள்தான். எண்ணுவது அவர் உடம்பிலேயே ஊறிவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போனால் நாற்காலியை எண்ணிவிட்டுத்தான் உட்காருவார். பூசைக்குப் போனால் பீடத்தில் எத்தனை மெழுகுவர்த்தி எரிகிறது என்று சொல்வார். என் திருமணத்தன்று வாசலில் நின்று வந்தவர்களை எண்ணிக்கொண்டிருந்த மனிதர் அவர். என்னை ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சேர்த்ததும், என்னைக் கரையேற்றிய பிறகே தமக்குப் பெண் பார்க்க அனுமதித்ததும் அவர்தான். இதையெல்லாம் அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. நான்தான் மறந்துவிட்டுப் பேசியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் துறைமுகம் மாறியது. மூட்டை போய் கன்டெய்னர் வந்தது. அண்ணன் வேலை பார்த்த அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்பு போட்டு, உள்ளே ஒரு கணினியை வைத்தார்கள். தாங்கள் எண்ணி எழுதியதெல்லாம் அதற்குள் எப்படிப் போகிறது என்று பார்க்க அண்ணனுக்கு ஆசை. ஒருநாள் உள்ளே போய் விசைப்பலகையின் மேல் விரலை வைத்திருக்கிறார். "தொடாதீங்க, தொடாதீங்க, கெட்டுடும்" என்று மேலாளர் ஓடிவந்து அவர் கையைத் தட்டிவிட்டாராம். அந்த ஆண்டே டாலி கிளார்க்குகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று அண்ணன் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"வேலை போச்சுன்னு எனக்கு பேஜாரு இல்ல பாப்பா. அந்த மெஷினு மேலயும் கோவம் இல்ல. தொடாதன்னு கையத் தட்டிவுட்டான் பாரு, அதான் வுட மாட்டேங்குது. நம்ம ஜனத்துப் புள்ளைங்க கையில அது பட்டே ஆவணும்."

சொன்னால் செய்கிறவர் என்று தெரியும். ஆனால் அதை என் பள்ளிக்கூடத்தில் வந்து செய்வார் என்று நான் நினைக்கவில்லை.

அப்போது அண்ணன் திருவொற்றியூரில் விம்கோ நகர்ப் பக்கம் குடியிருந்தார். எண்ணூர் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டு வாசலில் லாரி எண்களைக் குறிக்கும் வேலை கிடைத்திருந்தது. சனிக்கிழமை விடுமுறை. அன்று முழுக்கத் தெருவில் இருந்த கேரம் மன்றத்தில்தான் இருப்பார். தகரக் கூரை, இரண்டு போர்டு, சுவரில் வரிசையாகக் கோப்பைகள். அதில் பாதி அண்ணன் வாங்கியவை.

நான் அதே திருவொற்றியூரில், கடலைப் பார்த்த ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் படிக்கும் பள்ளி. பக்கத்துத் தொழிற்சாலைக்காரர்கள் எங்களுக்கு நான்கு கணினிகள் கொடுத்தார்கள். ஷாமியானா போட்டு, ரிப்பன் வெட்டி, லட்டு கொடுத்து விழா நடந்தது. அண்ணன் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். விழா முடிந்ததும் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார். "டீச்சர், இது உங்க பொறுப்பு. ஒரு பிள்ளை கை படக்கூடாது. பழுதாச்சுன்னா யார் பதில் சொல்றது?" நான் தலையாட்டினேன். அண்ணியிடம் சொல்லி, நீலத் திரைத்துணியில் லேஸ் வைத்து நான்கு உறைகள் தைத்து வாங்கினேன். மிக அழகாகத் தைத்துக் கொடுத்தார்கள். நாலையும் மூடினேன். சன்னலைச் சாத்தினேன். கதவைப் பூட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து அண்ணன் வீட்டுக்கு வந்தார். காப்பி கொடுத்தேன்.

"இன்னா பாப்பா, பசங்க நல்லா கத்துகினாங்களா?"

"இல்லண்ணா. தூசி பட்டுடும்னு மூடி வெச்சிருக்கோம். அதிகாரி யாராச்சும் வந்தா திறப்போம்."

"மூடி வெச்சிகினு இன்னா பண்றீங்க? அது இன்னா கோயில்ல பூட்டி வெக்கற நற்கருணைப் பேழையா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உனக்கு உன் ஆபீஸ் மேல கோவம். அத எங்க பள்ளிக்கூடத்துல வந்து காட்டாத" என்று சொல்லிவிட்டேன். அண்ணன் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அந்த வார்த்தையைத் திரும்ப எடுக்க முடிந்தால் என் பணி ஓய்வுப் பணத்தைக்கூடக் கொடுத்துவிடுவேன்.

அடுத்த சனிக்கிழமை, கணினி அறையைப் பிள்ளைகளுக்குத் திறக்கச் சொல்லிக் கேட்கப் பள்ளி வாசலில் அண்ணன் நின்றார், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. பின்னால் கேரம் மன்றத்து ஆட்கள் நாலைந்து பேர். ஆட்டோ ஓட்டும் மாரி தலைவாரி, பவுடர் பூசி வந்திருந்தார். தலைமையாசிரியை பார்க்க முடியாது என்று சொல்லி அனுப்பினார். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தார்கள். அப்படி ஆறு சனிக்கிழமை. ஏழாவது வாரம் தலைமையாசிரியைக்கே சங்கடமாகிவிட்டது. "வாரத்துல ஒரு நாள் திறக்கலாம். எது பழுதானாலும் நீங்க பொறுப்புன்னு எழுதிக் கொடுப்பீங்களா?" என்று கேட்டார். அண்ணன் நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்போது நான் ஒரு யோசனை சொன்னேன். மூன்று கணினிகளைப் பிள்ளைகளுக்குத் திறப்போம், நான்காவதை உறை கழற்றாமல் அப்படியே வைப்போம், அதிகாரிகள் வந்தால் காட்டப் புதிதாக ஒன்றாவது இருக்கட்டும் என்று. தலைமையாசிரியை என்னைப் பாராட்டினார்.

பாடம் எப்படி நடந்தது என்று கேட்காதீர்கள். எனக்குக் கணினி தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது. எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் ஓரிரு பிள்ளைகள் எங்கோ பார்த்துக் கற்று வந்திருந்தார்கள். அவர்களை வைத்து ஓட்டினோம். மன்றத்து ஆட்கள் காவல். பிள்ளைகளை வரிசைப்படுத்துவதும் அவர்கள் வேலை. இங்கேதான் எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தவறு நடந்தது.

கேரம் மன்றத்தில் ஒரே சட்டம்: ஜெயித்தவன் உட்கார்ந்திருப்பான், தோற்றவன் எழுந்து அடுத்தவனுக்கு இடம் விடுவான். மாரி அந்தச் சட்டத்தை அப்படியே கணினி அறைக்குக் கொண்டுவந்தார். திரையில் வரும் எழுத்தைத் தப்பில்லாமல் அடிக்கும் பிள்ளை உட்காரலாம். தப்பு அடித்தால் எழுந்திரு, அடுத்த ஆள். யாருக்கும் இது தவறென்று தோன்றவில்லை, அண்ணனுக்கும்கூட. அறையில் ஒரே கலகலப்பு. நானும் மகிழ்ந்தேன்.

அண்ணன் பழக்கப்படி ஒரு நோட்டு போட்டிருந்தார். ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பக்கம், அதில் பிள்ளைகளின் பெயர், உட்கார்ந்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது. மூன்று பையன்கள் பெயருக்கு நேராகக் கட்டுக் கட்டாகக் கோடுகள். மற்றவர்களுக்கு ஒன்று, இரண்டு. பிலோமினா என்ற ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு ஒன்றுகூட இல்லை. எல்லா வாரமும் வந்தவள் அவள். கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவரின் மகள்.

அண்ணன் அவளைக் கூப்பிட்டார். "எல்லா வாரமும் வந்து நின்னுகினு இருந்தியே, ஏன் உட்காரல?"

"உட்கார்ந்தா தோத்துடுவேன் அங்கிள். தோத்தா எல்லார் முன்னாலயும் எழுந்திரிக்கணும். அதுக்கு நின்னுகினே இருந்துட்டா எழுந்திரிக்கத் தேவையில்ல."

அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். அவ்வளவு பேர் முன்னால் அப்படியே அடித்துக்கொண்டார். பிறகு எழுந்து நின்று, "தோ பாருங்க எல்லாரும்" என்றார். "இன்னிக்கிலேர்ந்து சட்டம் மாறுது. தெரிஞ்சவன் எழுந்திரு. தெரியாதவன் உட்காரு. எழுந்தவன் பின்னால நின்னு வாயால சொல்லிக் குடுக்கலாம். உட்கார்ந்தவன் கையத் தொடக்கூடாது, மவுஸப் புடுங்கக்கூடாது."

மாரிக்குப் பொறுக்கவில்லை. "இன்னா மாமு, ஜெயிச்சவன எழுப்பிவுட்டா அவன் எதுக்கு ஜெயிப்பான்?"

"ஜெயிக்கறதுக்கு நம்ம போர்டு கீதுடா. சாயந்திரம் அங்க வா."

அன்று பிலோமினா உட்கார்ந்தாள். தன் பெயரை அடிக்க அவளுக்குக் கால் மணி நேரம் பிடித்தது. பின்னால் நின்ற பையன்கள் வாயைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அண்ணன் அவள் பெயருக்கு நேராக முதல் கோட்டைப் போட்டார்.

இப்போது என் தவறுக்கு வருகிறேன்.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் ஓர் அதிகாரி பள்ளியைப் பார்வையிட வந்தார். கணினி அறைக்கு அழைத்துப் போனோம். நான் பெருமையோடு நான்காவது கணினியின் உறையை எடுத்தேன். பளபளவென்று இருந்தது. பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் அழுத்தினேன். உள்ளேயிருந்து ஈர வாடைதான் வந்தது. அதிகாரி குறித்துக்கொண்டு போனார். தலைமையாசிரியைக்கு முகம் சிவந்துவிட்டது. "சனிக்கிழமை கூட்டம் வேண்டாம்னு அன்னைக்கே நினைச்சேன்" என்றார். அண்ணனை வரவழைத்தார். அவர் எழுதிக் கொடுத்த தாளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

அண்ணன் அந்தக் கணினியைப் பார்த்தார். கீழே கிடந்த நீல உறையைப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தார். எந்தப் பிள்ளையும் அந்தக் கணினியைத் தொட்டதில்லை என்று அந்த அறையில் மூன்று பேருக்குத் தெரியும். அதில் தலைமையாசிரியை கோபத்தில் அதை மறந்திருந்தார். மீதி இரண்டு பேரில் ஒருத்தி நான். சாவி என் பொறுப்பு, உறை போட்டது என் யோசனை. வாயைத் திறந்தால் மெமோ எனக்கு வரும். நான் பேசவில்லை.

அண்ணன், "நான் சரி பண்ணித் தரேன் மேடம்" என்றார். தலைமையாசிரியை, "சரி பண்ணுங்க. ஆனா இனிமே ரூம் திறக்காது" என்றார்.

அறை பூட்டப்பட்டது. அண்ணன் என் வீட்டுக்கு வரவில்லை. அண்ணியிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் பள்ளி கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். பிள்ளைகளும் வந்து நின்றார்கள். நோட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, வந்தவர்களுக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார். ரூம் இல்லாட்டியும் வருகைப் பதிவு உண்டு என்று மாரி என்னிடம் வந்து சொன்னார், சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மூன்றாவது வாரம் பிலோமினா ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். "டீச்சர், உறை போட்டிருந்த கம்ப்யூட்டர நாங்க தொட்டதே இல்ல. உங்களுக்குத் தெரியும்ல டீச்சர்?" என்று கேட்டாள். குறையாகக் கேட்கவில்லை. எனக்குத் தெரியாமல் இருக்கிறதோ என்று சந்தேகத்தோடு கேட்டாள். அதுதான் என்னைத் தாக்கியது.

அன்று மாலையே அண்ணன் வீட்டுக்குப் போய், அவர் இல்லாத நேரத்தில், அண்ணியிடம் கேட்டு அந்த நோட்டை வாங்கிக்கொண்டேன். மறுநாள் காலை தலைமையாசிரியை முன்னால் அதை விரித்தேன். ஒன்றாம் கணினியின் பக்கம் நிறையக் கோடுகள். இரண்டும் மூன்றும் அப்படியே. நான்காம் கணினியின் பக்கத்தில் தலைப்பு மட்டும் இருந்தது, கீழே வெறும் தாள். "மேடம், பிள்ளைங்க தொட்ட மூணும் ஓடுது. நான் யாரையும் தொடவிடாம மூடி வெச்சதுதான் போச்சு. தப்பு என்னுது" என்றேன். பழுது பார்க்க வந்திருந்த மெக்கானிக்கும் அதையேதான் சொன்னார். "ஓடிகினு இருந்தா சூட்டுல ஈரம் போயிடும் மேடம். இது மூடியே கிடந்திருக்கு. கடல் காத்து உள்ள தின்னுடுச்சு." உள்ளே இருந்த சர்க்யூட் பலகையைத் தூக்கிக் காட்டினார். பச்சை பூத்திருந்தது.

எனக்கு மெமோ வந்தது. அதைச் செபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். தலைமையாசிரியையையும் நான் குறை சொல்ல மாட்டேன். அவர் அண்ணன் எழுதிக் கொடுத்த தாளை எங்கள் முன்னாலேயே கிழித்துப் போட்டார். "உறை எல்லாத்தையும் எடுத்துடுங்க. தினமும் சாயந்திரம் ரூமைத் திறங்க" என்றார். அண்ணி தைத்த உறைகள் பிற்பாடு கேரம் போர்டுகளை மூடப் பயன்பட்டன.

அன்று அண்ணனைத் தேடி யார்டு வாசலுக்கே போனேன். லாரிகள் வரிசையாக நின்றன. நடந்ததைச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும் பாப்பா" என்றார்.

"தெரிஞ்சும் ஏண்ணா சொல்லல?"

"நான் சொல்லியிருந்தா நீ மாட்டிகினு இருப்ப, அவ்ளோதான். நீயா சொன்னா மாட்டினாலும் தல நிமிர்ந்து நிப்ப. அதான் வுட்டுட்டேன்." இவ்வளவு சொல்லிவிட்டு அடுத்த லாரியின் எண்ணைக் குறிக்கப் போய்விட்டார். நான் அங்கேயே நின்று அழுதேன். லாரி ஓட்டுநர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் அண்ணன் இணையத்துக்குக் கிளம்பினார். அப்போது தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் இணையம் வரும், பள்ளியிலோ ஒரே தொலைபேசி, தலைமையாசிரியை அறையில். வகுப்புகள் முடிந்த பிறகு அந்த லைனைப் பயன்படுத்த அனுமதி வாங்கினார். மாரியும் மற்றவர்களும் நடை நெடுகக் கம்பி இழுத்தார்கள். மோடம் கத்திக் கத்தி ஒருவழியாகச் சேர்ந்தபோது எல்லோரும் கைதட்டினோம். முதலில் என்ன பார்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. பிலோமினாதான் கேட்டாள், வானத்திலிருந்து எடுக்கும் மேகப் படம் இதில் வருமா என்று. தொலைக்காட்சிச் செய்தியில் அதைக் காட்டுவார்கள், ஆனால் அவள் அப்பா கடலுக்குப் போகும் நேரத்துக்குக் காட்டமாட்டார்கள்.

படம் வந்தது. மேலிருந்து கீழே, ஒரு விரற்கடை அகலமாக, மெதுவாக இறங்கியது. முதலில் வங்காளம். அப்புறம் ஒரிசா. அப்புறம் ஆந்திராக் கரை. நெல்லூர் தாண்டும்போது லைன் அறுந்துவிட்டது. மறுபடி போட்டோம். மறுபடியும் நெல்லூரோடு நின்றது. நாலு நாள் அப்படியே. காற்றடித்தால் தொலைபேசிக் கம்பியில் கரகரவென்று சத்தம், அதோடு சரி. பிள்ளைகள் சலித்துப்போனார்கள். நானும், "போதும்ணா, இந்த அளவுக்கு வந்துச்சே" என்றேன்.

"இன்னாத்த வந்துச்சு? எல்லார் ஊரும் வந்துச்சு, நம்ம ஊரு வரல" என்றார் அண்ணன்.

மறுநாளிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் தொலைபேசி அலுவலகத்தில் இறங்கினார். தினமும். சண்டை போடவில்லை, குரலை உயர்த்தவில்லை. போய் நின்று ஒரே வாக்கியத்தைச் சொன்னார். "எங்க ஊரு வர்றதுக்குள்ள நின்னுடுது சார்." மூன்றாவது வாரம் லைன்மேன் ஒருவர் அவரோடு சைக்கிளில் வந்தார். தெருமுனைப் பெட்டியைத் திறந்தால் உள்ளே இணைப்பெல்லாம் உப்பேறித் துருப்பிடித்துக் கிடந்தது. அந்த மனிதர் இரண்டு நாள் உட்கார்ந்து புதுக் கம்பி மாற்றிக் கொடுத்தார். அண்ணன் அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்று மாலை படம் நெல்லூரைத் தாண்டியது. பழவேற்காடு வந்தது, எண்ணூர் வந்தது. எங்கள் கரை முழுவதும் இறங்கி முடிந்ததும் பிலோமினா பென்சிலை எடுத்து, மேகம் எங்கே இருக்கிறது என்று தாளில் அப்படியே வரைந்து கடற்கரைக்கு எடுத்துக்கொண்டு ஓடினாள். அவள் அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, இட்லி மாவு கொட்டின மாதிரி கீது" என்றாராம். ஆனால் மறுவாரம் அவரே ஆள் அனுப்பிக் கேட்டார். கொஞ்ச நாளில் கரையிலிருந்து ஆட்கள் சாயங்காலம் பள்ளி வாசலுக்கு வந்து, "இன்னாமா, மேகம் எங்க கீது?" என்று கேட்கத் தொடங்கினார்கள். படத்தைப் பார்க்காமலே காற்றை அறிந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். அண்ணன் யாரையும் வாசலில் நிற்கவைத்துப் பதில் சொல்லி அனுப்பவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். சட்டம் அவர்களுக்கும் அதேதான். வலை இழுத்துக் காய்த்துப்போன விரல் அந்தச் சின்ன எலியைப் பிடிக்கத் திணறும். பின்னால் ஏழாம் வகுப்புப் பிள்ளை பொறுமையாக நிற்கும். நோட்டில் கோடு விழும். கத்திவாக்கத்திலிருந்தும் அத்திப்பட்டிலிருந்தும் ஆசிரியர்கள் வந்து பார்த்துவிட்டுத் தங்கள் பள்ளிகளில் அதே சட்டத்தை வைத்தார்கள். அத்தனை நோட்டுகளும் அண்ணி வீட்டுப் பரணில் இருக்கின்றன.

போன ஆண்டுக்கு முந்தின ஆண்டு அண்ணனுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்று தெரிந்தது. மருத்துவமனையில் படுத்தபடி சலைன் சொட்டுவதை எண்ணிக்கொண்டிருப்பார். கடைசி வாரத்தில் ஒருநாள் நான் தனியாக இருந்தேன். பழைய நோட்டு ஒன்றைத் தலைமாட்டில் வைத்திருந்தார்.

"எல்லார் பேரும் கீது பாப்பா. உன் பேரு மட்டும் இல்ல."

நான் சிரித்து மழுப்பினேன். "எனக்கு எங்கண்ணா நேரம், சாவி வெச்சிருக்கறதே பெரிய வேலை."

"சாவி உன்கிட்ட கீது. கோடு இல்ல. நீ எப்ப உட்காருவ?"

அத்தனை ஆண்டுகள் தினமும் அந்த அறையைத் திறந்து மூடியவள் நான். தெரியாது என்று பிள்ளைகள் முன்னால் காட்டிக்கொள்ள வெட்கப்பட்டு, ஒருநாளும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அண்ணன் அதையும் எண்ணி வைத்திருந்திருக்கிறார், சொல்லாமல்.

செவ்வாய்க்கிழமை அதிகாலை ஆண்டவர் அவரை அழைத்துக்கொண்டார். புதன்கிழமை நல்லடக்கம். சனிக்கிழமை வந்தது. துக்கத்துக்காக அறையை மூடி வைக்கலாம் என்று நினைத்தேன். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போய் ரூமத் திற. இல்லாட்டி அவரு சும்மா இருக்க மாட்டாரு" என்றார்கள். போனேன். பிள்ளைகள் ஏற்கெனவே வரிசையில் நின்றார்கள். பிலோமினாவும் வந்திருந்தாள். இப்போது ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள், சனிக்கிழமைகளில் வந்து உதவுவாள். உட்கார்ந்து ஏதோ சரி பார்த்துக்கொண்டிருந்தவள், என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டாள். நாற்காலியை என் பக்கம் திருப்பினாள்.

"டீச்சர், நீங்க உட்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தேன்.

அண்ணனின் நோயில் தோள் கொடுத்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், கடைசிவரை நற்கருணை கொண்டுவந்து கொடுத்த பங்குத்தந்தைக்கும், இரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற எங்கள் பள்ளியின் பழைய மாணவர்களுக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த கேரம் மன்றத்து நண்பர்களுக்கும், குறிப்பாக மாரிக்கும், ஓய்வு பெற்ற பிறகும் கல்லறை வரை நடந்து வந்த தலைமையாசிரியைக்கும், கடலுக்குப் போகாமல் அன்று கரையில் நின்ற அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் அது என் மறதி. அண்ணன் எழுதியிருந்தால் ஒருவர்கூட விட்டுப்போயிருக்க மாட்டார்கள்.

இந்தக் கட்டுரையைக் கையால் எழுதிக் கொடுத்தால் அச்சகத்தில் அடித்துத் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். பிலோமினா பின்னால் நின்று வாயால் சொல்ல, அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி நானே அடித்தேன். என் கையை அவள் ஒருமுறைகூடத் தொடவில்லை. முடிக்கப் பதினோரு சனிக்கிழமை ஆயிற்று. இந்த ஆண்டு நோட்டில் கடைசிப் பெயர் என்னுடையது. அதற்கு நேராக இரண்டு கட்டு, ஒரு கோடு.